ரெயினரில் சீராக உழக்குவது: காதை வைத்துப் பழகும் முழுமையான வழிகாட்டி

தொண்ணூறுகளில், போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. இரவில் பிபிசி தமிழோசை கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, வயரை வானொலிக்குக் கொடுத்து, ஒருவர் பக்கத்தில் இருந்து கையால் பெடலைச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. பெடல் உச்சிக்கு வரும்போது கை சோர்ந்துவிடும். செய்தி வாசிப்பவரின் குரலும் கூடவே கிணற்றுக்குள் இறங்கிவிடும். கீழே தள்ளும்போது திரும்ப ஏறும். இறங்கிய அந்த அரை நொடியில் ஓர் ஊரின் பெயர் போய்விட்டால், விறாந்தையில் இருக்கிற எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். "தம்பி, பலமாச் சுத்த வேண்டாம். ஒரே சீராச் சுத்து," என்பார் அப்பா.

உழக்குவதைப் பற்றி எனக்குக் கிடைத்த முதற் பாடம் அது. இன்று அதே மாதிரி ஒரு விறாந்தையில், சைக்கிளை நின்ற இடத்திலேயே உழக்கவைக்கும் தாங்கியான ரெயினரைப் பூட்டி உழக்கும்போதும் அதே பாடத்தைத்தான் திரும்பப் படிக்கிறேன். பின்சில்லு உருளையில் உரசி எழுப்பும் ஓசை, நீங்கள் எப்படி உழக்குகிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடும். விலை கூடிய கருவி எதுவும் இல்லாமல், காதை மட்டும் வைத்துச் சீரான உழக்கைப் பழகலாம். அதற்கான வழியை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதுகிறேன்.

வீதியில் தெரியாத பிழை ரெயினரில் ஏன் தெரிகிறது

பெடலைத் தாங்கிச் சுற்றும் கிராங்கை மணிக்கூட்டு முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கத்தில் நின்று பார்த்தால் பெடல் உச்சியில் இருப்பது 12 மணி, முன்னால் 3 மணி, அடியில் 6 மணி, பின்னால் 9 மணி. காலின் வலு பெரும்பாலும் 3 மணியை அண்டியே சைக்கிளுக்குப் போகிறது. 12 மணியிலும் 6 மணியிலும் நேரே கீழே அழுத்தினால் கிராங்க் சுற்றாது, அச்சைத்தான் நசுக்கும். ஒரு கால் 12 மணியில் நிற்கும்போது மற்றக் கால் 6 மணியில் நிற்பதால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் வலு அறுந்துபோகிறது.

வீதியில் இது தெரிவதில்லை. ஆளும் சைக்கிளுமாக 75 கிலோ என்று வைத்தால், மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அந்தப் பாரத்துக்குள் ஏறத்தாழ 1800 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. வலு அறுந்த அந்தக் கணத்தை அது இழுத்துக்கொண்டு போய்விடும். ரெயினரில் ஆள் அசைவதில்லை. சுற்றுவது பின்சில்லும், ரெயினரின் உருளையோடு சேர்ந்து சுற்றும் ஒரு சிறிய பாரச்சில்லும் மட்டும். அவற்றில் தேங்கி நிற்கும் ஆற்றல் மிகக் குறைவு. அதனால் கால் சோர்ந்த உடனே சில்லு வேகம் இறங்குகிறது, அடுத்த தள்ளலில் ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் ஓசையாகக் கேட்கிறது.

"வீதியில் தெரியாத பிழையைத் திருத்தி என்ன பயன்?" என்று கேட்கலாம். சோளகம் வீசும் மாதங்களில் பொன்னாலையிலிருந்து காரைநகருக்குப் போகும் கடற்பாதையில் எதிர்க்காற்றில் உழக்கிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. எங்களுடைய மலை காற்றுத்தான். அதே 75 கிலோ எதிர்க்காற்றில் மணிக்கு 15 கிலோமீற்றருக்கு இறங்கினால் 1800 ஜூல் 650 ஆகிவிடுகிறது. இழுத்துப் போக ஆள் இல்லை. ஒவ்வொரு உழக்குக்கும் சைக்கிள் நின்று நின்று போவது போல இருக்கும், முழங்கால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாரம் தூக்கும். ரெயினரில் பழகிய கால் அங்கே உதவும்.

மேலே இழுக்க வேண்டுமா?

பயிற்சிக்கு முன் இதைத் தெளிவாக்கிவிட வேண்டும். சீராக உழக்குவதென்றால் வட்டம் முழுக்க ஒரே வலு கொடுப்பது, பெடலைக் கீழே தள்ளுவது போலவே மேலேயும் இழுப்பது என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் பல மாதம் அப்படி இழுத்து, தொடையும் இடுப்பும் சேருமிடத்தில் நோ வந்ததுதான் மிச்சம்.

எட்வர்ட் கொயிலும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தரச் சைக்கிளோட்ட வீரர்கள் அடுத்த நிலையில் இருந்தவர்களை விடக் கீழே தள்ளும்போதுதான் கூடிய வலுக் கொடுத்தார்கள். மேலே இழுப்பதில் அவர்கள் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. தோமஸ் கோர்ஃப் குழுவினர் 2007இல் இன்னும் நேராகச் சோதித்தார்கள். வேண்டுமென்றே மேலே இழுத்து உழக்கச் சொன்னபோது பெடலில் வலு பரவிய விதம் அழகாக வந்தது, ஆனால் அதே வேலைக்கு உடம்பு செலவழித்த சக்தி கூடிவிட்டது.

ஆகவே இலக்கு இதுதான்: தள்ளுகிற கால் நேரத்தோடு தள்ளத் தொடங்க வேண்டும். திரும்பி வருகிற கால் பாரமாய் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரி வந்தால் ஓசை தானாகவே சமன்படும்.

முதற் படி: சைக்கிளை ஒழுங்காகப் பூட்டுதல்

ரெயினரில் மூன்று வகை. பின்ரயரை உருளையில் முட்டவைத்து ஓட்டுவது ஒன்று. விலை குறைவு, ஓசை கூட, எங்கள் தேவைக்கு மிக நல்லது. பின்சில்லைக் கழற்றிவிட்டுச் செயினை நேரே பூட்டுவது இன்னொன்று. ஓசை குறைவு, விலை கூட. மூன்று உருளைக்கு மேல் பிடிமானம் இல்லாமல் ஓட்டுவது மூன்றாவது. சீரான உழக்கை அதுபோல் வேறெதுவும் கற்றுத்தராது, ஆனால் தொடங்குபவருக்கு விழுகை நிச்சயம்.

எங்கள் வீடுகளில் நிற்கிற வழமையான சைக்கிளை ரெயினரில் பூட்டப் போனால் இரண்டு சிக்கல் வரும். பெரும்பாலான ரெயினர்கள் நெம்பை மடக்கி இறுக்குகிற பின் அச்சைப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை; எங்கள் சைக்கிளில் அச்சு நட்டுப் போட்டு இறுக்கியது. நட்டு அச்சுக்கென்று தனிப் பிடி விற்கிறார்கள், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றது, பழைய 28 அங்குலச் சில்லு ரேசிங் சைக்கிளின் 700சி சில்லை விடச் சற்றுப் பெரியது. உங்கள் ரெயினர் எந்த அளவுவரை ஏற்கும் என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். மட்கார்ட், கரியர், ஸ்ராண்ட் முட்டினால் கழற்றிவிடுங்கள்.

சின்ன வயதில் பின் ஸ்ராண்டைப் போட்டுவிட்டு மேலே ஏறியிருந்து உழக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதீர்கள். அந்த ஸ்ராண்ட் சைக்கிளை நிறுத்தச் செய்தது, அசைகிற ஓர் ஆளின் பாரத்தைத் தாங்கச் செய்ததல்ல.

ரயர் வழுவழுப்பாக இருக்க வேண்டும். கட்டை கட்டையாகப் பல்லு வைத்த ரயர் உருளையில் இரைந்து காதைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்று அடியுங்கள், அளவு ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். உருளை ரயரைத் தொட்ட பிறகு குமிழை இன்னும் இரண்டு, மூன்று சுற்று இறுக்குங்கள். பிறகு பாரச்சில்லைக் கையால் பிடித்துக்கொண்டு பின்சில்லைத் திருப்பப் பாருங்கள். ரயர் வழுக்கினால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

பின்பக்கம் உயர்ந்து நிற்பதால் முன்சில்லுக்குக் கீழே ஏதாவது வைக்க வேண்டும். நான் பனைமரத் துண்டு ஒன்றில் சில்லு இருக்கக் குழி செதுக்கி வைத்திருக்கிறேன். முன் அச்சும் பின் அச்சும் நிலத்திலிருந்து ஒரே உயரமா என்று ரேப்பால் அளந்து பாருங்கள். சீமெந்து நிலமென்றால் கீழே ரப்பர் விரிப்பு, இல்லாவிட்டால் நாலாக மடித்த சாக்கு. அதிர்வு நிலத்துக்குப் போகாமல் இருந்தால் ஓசை தெளிவாகக் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாக இருப்பார்.

இரண்டாம் படி: சீற் உயரம்

இது பிழைத்தால் மற்றதெல்லாம் வீண். சீற் உயரமாக இருந்தால் கால் அடியை எட்டுவதற்காக இடுப்பு இரண்டு பக்கமும் சரியும். பதிவாக இருந்தால் முழங்கால் 12 மணியில் அளவுக்கு மீறி மடிந்து, உச்சியைக் கடக்கவே முடியாமல் திணறும்.

சுவரில் முதுகை வைத்து, சப்பாத்து இல்லாமல் நின்று, ஒரு கொப்பியின் முதுகுப் பக்கத்தைக் கால்களுக்கு நடுவே சீற்றில் இருப்பதுபோல் மேலே அழுத்திப் பிடியுங்கள். நிலத்திலிருந்து அந்த விளிம்புவரை அளவெடுங்கள். அதை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய உயரம் வரும். 80 சென்ரிமீற்றர் என்றால் 70.6. இது தொடங்குவதற்கான அளவுதான். குதிக்காலைப் பெடலில் வைத்து அடிக்குக் கொண்டுபோனால் கால் நேராக நிமிர வேண்டும்; பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் லேசாக மடிந்திருக்கும். அந்த மடிப்பு 25இலிருந்து 35 பாகைக்குள் இருந்தால் சரி.

முழங்காலின் முன்பக்கம் நொந்தால் பெரும்பாலும் சீற் பதிவு. பின்பக்கம் இழுத்தால் உயரம். ஒரே நாளில் அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் மாற்ற வேண்டாம்.

காலைப் பெடலில் வைக்கும்போது பெருவிரல் மூட்டுக்குக் கீழேயுள்ள தடித்த பகுதி பெடல் அச்சுக்கு மேல் வரட்டும். செருப்போடு உழக்காதீர்கள், அடி வளைகிற செருப்பில் எதையும் உணர முடியாது. பெடலோடு பூட்டுகிற சப்பாத்து இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அடி கெட்டியான சாதாரண சப்பாத்துப் போதும். சாதாரண பெடலில் ஒரு நன்மையும் உண்டு: மேலே இழுக்க முடியாது, ஆகவே அந்தக் கெட்ட பழக்கம் வராது.

மூன்றாம் படி: காற்றும் தண்ணீரும்

சித்திரை வெக்கையில் விறாந்தையில் ரெயினர் ஓட்டுவது விளையாட்டல்ல. வீதியில் நாங்கள் போகிற வேகமே காற்று. இங்கே அது இல்லை. முன்னால் ஒரு ஃபான் கட்டாயம். கரண்ட் நின்று ஃபானும் நின்றால் கியரைக் குறைத்து மெதுவாக ஐந்து நிமிடம் உழக்கி இறங்கிவிடுங்கள். விடியப்புறம் ஐந்தரை மணி நல்ல நேரம்.

மணித்தியாலத்துக்கு அரை லீற்றரிலிருந்து முக்கால் லீற்றர்வரை குடிக்க வேண்டும். தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சீனி போட்ட தண்ணீருக்கு மேல் எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஹாண்டிலுக்கு மேல் துவாயைப் போடுங்கள். வியர்வை உப்பு ஆணிகளைத் தின்றுவிடும். ஏற்கெனவே எங்கள் கடற்காற்று அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

நான்காம் படி: முதலில் கேளுங்கள்

எதையும் திருத்துவதற்கு முன் இப்போது எப்படி உழக்குகிறீர்கள் என்று தெரிய வேண்டும். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி உடம்பையும் ரயரையும் சூடாக்குங்கள். ரயர் சூடாகும்வரை ஓசை மாறிக்கொண்டே இருக்கும். பிறகு கைபேசியை உருளைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்து, நடுத்தரக் கியரில், நிமிடத்துக்கு 80 சுற்றில் ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். சுற்றை எண்ணுவது சுலபம்: வலது முழங்கால் மேலே வருவதை 15 நொடிக்கு எண்ணி நாலால் பெருக்குங்கள்.

இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். நல்ல உழக்கு ஒரே நீட்டாக "ஊஊஊம்" என்று போகும். பெரும்பாலோருக்கு முதல் நாளில் "ஊம்-ஊம்-ஊம்" என்று வெட்டி வெட்டிக் கேட்கும். அந்த வெட்டு எத்தனை முறை வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு வெட்டு என்றால், இரண்டு காலும் உச்சியில் ஒரே மாதிரிச் சோர்கின்றன. ஒரு சுற்றுக்கு ஒன்று என்றால் ஒரு கால் மற்றதை விடப் பின்தங்குகிறது. அதைவிட வேகமாக, காலோடு சேராமல் "தட்தட்தட்" என்று வந்தால் அது ரயர்.

என் மருமகள் உயர்தரம் படிக்கிறவள். ரியூசனுக்கு எந்நேரமும் சைக்கிளில்தான் ஓட்டம். அவள் முதல் முறை ஏறி ஓட்டியபோது சுற்றுக்கு ஒரு தடவை தெளிவாக ஓர் இறக்கம் கேட்டது.

"மாமா, இது ரயர்ச் சத்தமோ?"

"காலை நிப்பாட்டிப் பார் பிள்ளை."

நிறுத்தினாள். சில்லு தன்பாட்டில் இரண்டு மூன்று நொடி சுற்றியது. இறக்கம் இல்லை, ஓசை மெல்லத் தேய்ந்து அடங்கியது. ரயரின் பிழையென்றால் கால் நின்ற பிறகும் கேட்டிருக்கும். திரும்ப உழக்கச் சொன்னேன். இடக்கால் உச்சிக்கு வரும் ஒவ்வொரு முறையும் அந்த இறக்கம். போன வருடம் வலைப்பந்தில் சுளுக்கிய கணுக்கால் அது. நோ எப்போதோ மாறிவிட்டது, காலின் தயக்கம் மாறவில்லை. இவ்வளவு நாளும் தினம் தினம் சைக்கிள் ஓடியும் அவளுக்கு அது தெரியாது.

ஐந்தாம் படி: வட்டத்தை நாலாகப் பிரித்துப் பழகுதல்

இதுதான் முழு வழிகாட்டியின் நடு. அவசரப்படாதீர்கள், ஒரு கிழமைக்கு இதையே செய்தாலும் நட்டமில்லை. இலேசான கியரில், 70 முதல் 80 சுற்றில், ஒரு நேரத்தில் வட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் நினையுங்கள்.

உச்சி, அதாவது 11 மணியிலிருந்து 1 மணிவரை. எல்லோருக்கும் குறை இருப்பது இங்கேதான். கால் உச்சியைத் தாண்டி 2 மணிக்கு வந்த பிறகே பலர் தள்ளத் தொடங்குகிறார்கள். முழங்காலை ஹாண்டிலை நோக்கி முன்னுக்கு விடுங்கள். பாதம் சப்பாத்துக்குள் முன்னால் வழுக்கி விரல் நுனி முட்டுவது போல ஓர் உணர்வு வரும். அது வந்தால் நேரம் சரி.

கீழ்நோக்கு, 1 மணியிலிருந்து 5 மணிவரை. இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, காலுக்கே தெரியும். உச்சியில் நேரத்தோடு தொடங்கிவிட்டால் இங்கே குத்தித் தள்ள வேண்டிய அவசியம் தானாகக் குறையும். குதிக்காலை வேண்டுமென்றே தாழ்த்தவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம்.

அடி, 5 மணியிலிருந்து 7 மணிவரை. மாரியில் வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கையால் நடந்து வந்தால் படலையடியில் என்ன செய்வோம்? செருப்பின் அடியில் அப்பியிருக்கும் சேற்றைப் படி விளிம்பில் பின்பக்கமாக இழுத்துத் தேய்ப்போம். அதே அசைவு. பலம் தேவையில்லை, திசை மாறினால் போதும். கீழே போன கால் அடியில் முட்டி நிற்காமல் பின்னால் வழிந்து போக வேண்டும்.

மேல்நோக்கு, 7 மணியிலிருந்து 11 மணிவரை. 60 கிலோ உள்ள ஒருவரின் ஒரு கால் ஏறத்தாழ 10 கிலோ. அந்தப் பாரத்தைப் பெடலில் போட்டபடியே மேலே வந்தால், தள்ளுகிற கால் அதையும் சேர்த்துத் தூக்குகிறது. முழங்காலை மட்டும் தூக்குங்கள், பாதத்தை மறந்துவிடுங்கள். சப்பாத்தின் அடி பெடலைத் தொட்டும் தொடாமலும் இருப்பதுபோல் உணர்ந்தால் அது சரி. பாரம் முற்றாக ஒருநாளும் போகாது. பெரிய வீரர்களுக்கும் போவதில்லை.

ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு நிமிடம், இடையில் ஒரு நிமிடம் எதையும் நினையாமல். கடைசியில் மூன்று நிமிடம் காலை மறந்து ஓசையை மட்டும் கேட்டபடி உழக்குங்கள். எங்கே வெட்டுக் குறைகிறதோ அங்கே கால் என்ன செய்தது என்று பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு பகுதியையும் ஒரே நேரத்தில் நினைக்க முயன்றால் கால் தடுமாறிவிடும்.

ஆறாம் படி: ஒற்றைக் கால்

ஒரு காலைக் கழற்றிப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்துவிட்டு, மற்றக் காலால் மட்டும் 20 நொடி உழக்குவது. மிக இலேசான கியர். உச்சியில் கால் பிந்தினால் செயின் ஒரு கணம் தளர்ந்து, அடுத்த தள்ளலில் "டக்" என்று இறுகும். அந்த "டக்" வராமல் சுற்றுவதே பயிற்சி. முதலில் ஆறு ஏழு சுற்றுக்கு மேல் போகாது. அது பரவாயில்லை. "டக்" தொடர்ந்து வரத் தொடங்கினால் 20 நொடி ஆகாவிட்டாலும் நிறுத்திவிட்டு இரண்டு காலையும் போடுங்கள். பிழையாகச் சுற்றிப் பழகுவதில் பயன் இல்லை.

ஒரு காலுக்கு மூன்று முறை, மாற்றி மாற்றி. பின்தங்கிய காலுக்கு ஒன்று கூட. பூட்டுகிற சப்பாத்து இல்லாதவர்கள் இரண்டு காலையும் பெடலில் வைத்தபடி, ஒரு காலைச் சும்மா கூட வரவிட்டு, மற்றக் காலால் மட்டும் வேலை செய்யலாம். அவ்வளவு கடுமையாக இருக்காது, ஆனாலும் உதவும்.

மருமகளின் இடக்கால் முதல் நாள் ஐந்தாவது சுற்றிலேயே "டக்" என்றது. வலக்கால் இருபது தாண்டியது. மூன்றாம் கிழமையில் இடக்காலும் பதினைந்துக்கு வந்தது. அன்று அவள் கைபேசியை எடுத்து இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்ப ஏறி உழக்கினாள்.

இந்தப் பயிற்சியை மேலே இழுக்கும் பலத்துக்காகச் செய்யவில்லை என்பதை மறக்க வேண்டாம். கால் உச்சியைக் கடக்கும் நேரத்தைப் பழக்குவதற்குத்தான். அதனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் இதில் செலவழிக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: வேகம்

எங்களில் பலர் ஊரில் 50, 60 சுற்றிலேயே உழக்கிப் பழகியவர்கள். பாரமான சைக்கிள், ஒரே கியர், பின்னால் ஓர் ஆள். வேறு வழி இருக்கவில்லை. ரெயினரில் 85 முதல் 95 வரை வசதியாக ஓட்டப் பழகினால் ஒவ்வொரு உழக்குக்கும் முழங்காலில் விழும் பாரம் குறையும்.

இலேசான கியரில் 80இல் தொடங்கி, 30 நொடிக்கு ஒருமுறை ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். ஏதோவொரு எண்ணில் உடம்பு சீற்றில் துள்ளத் தொடங்கும். உழக்கின் சீர் உடைகிற இடம் அது. கால் அடியில் இருந்து திரும்ப நேரம் போதாமல் உங்களையே மேலே தூக்குகிறது. அந்த எண்ணுக்கு ஐந்து கீழே இறங்கி ஒரு நிமிடம் நில்லுங்கள். தோளைத் தளர்த்துங்கள். ஹாண்டிலைப் பொரித்த அப்பளத்தை நொருங்காமல் பிடிப்பது போலப் பிடியுங்கள். கை இறுகினால் இடுப்பு இறுகும், இடுப்பு இறுகினால் துள்ளல் வரும். நான்கு முறை போதும். சில கிழமைகளில் துள்ளும் எண் 95இலிருந்து 110க்குப் போவதைக் காண்பீர்கள்.

எட்டாம் படி: எதிர்க்காற்றுக்கான பாரம்

மேலுள்ளவை எல்லாம் ஓரளவு வந்த பிறகுதான் இது. முழங்கால் நோ உள்ளவர்கள் தவிர்க்கலாம். கியரைக் கூட்டி, 60 சுற்றுக்கு இறங்கி, சீற்றை விட்டு எழும்பாமல் மூன்று நிமிடம். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடியாத அளவுக்குப் போகக் கூடாது. பாரம் கூடினால் கால் பழையபடி 2 மணியில் குத்தத் தொடங்கும், ஓசை வெட்டுப்படும். அதைக் கேட்ட உடனே உச்சியை நினையுங்கள். மூன்று முறை, இடையில் மூன்று நிமிடம் இலேசாக.

ரெயினரிலேயே கியர் கூடும்போது சில்லு வேகமாகச் சுற்றி, தேங்கும் ஆற்றலும் கூடும். வெட்டுக் கொஞ்சம் மறையும். ஆகவே பெரிய கியரில் நல்ல ஓசை வந்துவிட்டது என்று ஏமாற வேண்டாம். ஒப்பிடுவதென்றால் எப்போதும் ஒரே கியரில், ஒரே சுற்றில்.

கணினியோடு இணைந்த ரெயினரில் எர்க் மோட் என்று ஒன்று உண்டு. நீங்கள் எந்த வேகத்தில் சுற்றினாலும் குறித்த வாட்டை அது பிடித்துவைக்கும். சுற்றுக் குறைந்தால் பாரத்தைக் கூட்டும், அதனால் சுற்று இன்னும் குறையும், கடைசியில் கால் நின்றேவிடும். இந்தப் பழக்கத்துக்கு அதை நிறுத்திவைப்பது நல்லது.

நான்கு கிழமைக்கு ஓர் ஒழுங்கு

கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம். ஒவ்வொரு நாளும் முதல் பத்து நிமிடம் சூடாக்கல், கடைசி ஐந்து நிமிடம் இலேசாக உழக்கி இறங்குதல்.

1ஆம் கிழமை: முதல் நாள் பதிவு. மூன்று நாளும் ஐந்தாம் படி மட்டும்.
2ஆம் கிழமை: ஐந்தாம் படி பத்து நிமிடம், ஒற்றைக் கால், மிச்ச நேரம் 80 சுற்றில் ஓசையைக் கேட்டபடி.
3ஆம் கிழமை: ஒற்றைக் கால், பிறகு வேகம்.
4ஆம் கிழமை: ஒரு நாள் வேகம், ஒரு நாள் பாரம், மூன்றாம் நாள் அதே கியர், அதே 80 சுற்று, அதே காற்று அளவு, கைபேசி அதே இடத்தில். திரும்பப் பதிவு.

முதல் பதிவை அழித்துவிடாதீர்கள்.

சிலரிடம் இரண்டு காலின் வலுவையும் அளக்கிற பவர் பெடல் இருக்கும். அதில் பெடல் சீர்மை என்று ஒரு வீதம் காட்டும்: ஒரு சுற்றின் சராசரி வலுவை அதே சுற்றின் உச்ச வலுவால் வகுத்த எண். சாதாரணமாக 10இலிருந்து 40க்குள் இருக்கும். அது 100ஐ எட்ட வேண்டும் என்று நினைத்து மனம் நோக வேண்டாம், எவராலும் முடியாது. எண்ணைக் கூட்டுவதற்காகவே மேலே இழுக்கத் தொடங்கினால் மேலே சொன்ன 2007 ஆய்வின் விளைவுதான் உங்களுக்கும். இடது வலது 48க்கு 52 என்று இருந்தால் அது குறையே அல்ல.

வீதிக்கு

பயிற்சி முடிந்த ஒவ்வொரு முறையும் உருளையைத் தளர்த்தி ரயரை விட்டு விலக்கிவையுங்கள், இல்லாவிட்டால் ரயரில் ஓரிடம் அமுங்கிப்போகும். நான்கு கிழமை முடிந்ததும் ரயரைக் கையால் தடவிப் பார்த்து, நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகியிருந்தால் வீதிக்கு வேறு ரயர் போடுங்கள்.

பிறகு எதிர்க்காற்று உள்ள ஒரு பின்னேரம் பண்ணைக் கடற்பாதைக்கோ பொன்னாலைக்கோ போங்கள். வழமையாகப் போடும் கியரில் ஒன்று குறைத்து, 85 சுற்றில். அங்கே உருளை ஓசை இல்லை, காற்று காதை அடைத்துவிடும். நாங்கள் போன அன்று மருமகள் பாதி வழியில் திரும்பிப் பார்த்து, "மாமா, ஒண்டும் கேக்குதில்லை, எப்பிடிப் பாக்கிறது?" என்று கத்தினாள். சப்பாத்தின் அடியைக் கவனிக்கச் சொன்னேன். சீராக உழக்கினால் அடிப்பாதத்தில் அழுத்தம் முன்னிருந்து பின்னுக்கு வழிந்தபடி இருக்கும். குத்தி உழக்கினால் ஓரிடத்திலேயே திரும்பத் திரும்ப இடிக்கும். தலையாட்டிவிட்டு முன்னால் போனாள். இரண்டு பக்கமும் தண்ணீர், முகத்தில் உப்பு. பின்னாலிருந்து பார்த்தபோது அவளுடைய இடது முழங்காலும் வலது முழங்காலும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின.